ராஸ்பெர்ரி பையில் சைபை நிறுவ உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது ராஸ்பெர்ரி பை 3 என்ற சிறு கணினி, 1 ஜிபி ரேம், 32-பிட் ஓஎஸ். மழைத் தரவை அலச சைபை (SciPy, பைத்தானின் அறிவியல் கணக்கீட்டு நூலகம்) வேண்டும். நான் போட்டிருக்கும் புதிய பைத்தானுக்கு பைவீல்ஸில் (ராஸ்பெர்ரி பைக்கான பைத்தான் பேக்கேஜ் தளம்) தயார் வீல் (முன்பே கம்பைல் செய்த பேக்கேஜ்) இல்லை. அதனால் பிப் (பைத்தான் பேக்கேஜ் நிறுவும் கருவி) மூலக் குறியீட்டை இறக்கி, சி++, ஃபோர்ட்ரான் எல்லாவற்றையும் இங்கேயே கம்பைல் செய்கிறது.

முதலில் ஓபன்பிளாஸ் என்ற கணித நூலகம் இல்லை என்று பில்ட் கருவியான மெசான் நின்றது. அதன் டெவ் பேக்கேஜும் ஜிஃபோர்ட்ரான் கம்பைலரும் போட்டதும் அது சரியாகிவிட்டது. இப்போது சி++ கோப்புகளின் நடுவே 'கில்டு' என்று வந்து நிற்கிறது. நினைவகம் தீர்ந்ததாக கெர்னல் லாக் சொல்கிறது.

ஸ்வாப்பை (ரேம் போதாதபோது எஸ்டி கார்டில் பயன்படும் இடம்) 2 ஜிபி ஆக்கினால் போதுமா? எஸ்டி கார்டு சீக்கிரம் தேய்ந்துவிடுமோ என்று கவலை. கம்பைல் வேலைகளை ஓட்டும் நிஞ்சாவை ஒரு நேரத்தில் ஒரே கோப்பை மட்டும் கம்பைல் செய்ய வைப்பது எப்படி? 64-பிட்டுக்கு மாற வழியில்லை, சென்சார் டிரைவர் 32-பிட்டில் மட்டும்தான் இருக்கிறது. வேறு கணினியில் ராஸ்பெர்ரி பையின் ஆர்ம் பிராசசருக்கான வீலை உருவாக்கிக் கொண்டுவந்தவர்கள் இருந்தால், செய்த முறையைத் தயவுசெய்து சொல்லுங்கள்.