புதுப்பிப்பு: பீட் மாஸிலிருந்து தென்னை நார்க்கழிவுக்கு மாறியபின் தக்காளி இலை ஓரம் கருகியது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பீட் மாஸை (சதுப்பு நிலப் பாசி மட்கிய நடவுக் கலவை) விட்டுத் தென்னை நார்க்கழிவுக்கு மாறியதும் மாடியில் தக்காளி நாற்றின் இலை ஓரம் கருகுகிறதே என்று கேட்டிருந்தேன்.

"உப்புதான், நல்லா அலசுங்க" என்றவர் சொன்னதே சரி. 5 கிலோ நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்துப் பிழிந்தேன். முதல் தண்ணீர் கடுங்காப்பி நிறம். மூன்றாவது அலசலில்தான் வெளிறியது. அதில் நட்ட நாற்றுகளில் கருகல் இல்லை. நார்க்கழிவின் உப்பை நீக்க ஊறவைக்கும் கால்சியம் நைட்ரேட் உரத்துக்குத் தேவையே வரவில்லை.

எதிர்பாராதது, அடி இலை மஞ்சளானது. நார்க்கழிவில் கரிமம்-தழைச்சத்து (கார்பன்-நைட்ரஜன்) விகிதம் 100:1க்கு மேல்; மட்கும்போது தழைச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். மூன்றில் ஒரு பங்கு மண்புழு உரம் கலந்தேன், புதுத் துளிர் பச்சையாக வந்தது. அப்புறம், மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கிறது. இப்போது விரலை விட்டுப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றுகிறேன்.