தாய்மாமன் சீரும் 5 லட்சமும்

வாட்ஸ்அப் குழு: செவ்வாய்ப்பேட்டை வீடு

தீபா: பாப்பா காதுகுத்துக்கு ஏற்காட்டுக்கு வேன் பேசணும். எத்தனை பேர் வருகிறீர்கள்?

செந்தில்: வேன் செலவு என்னுடையது. சீரும் 3 பவுன். பாலக்காட்டில் வாங்கிய லாட்டரி டிக்கெட்டுக்கு 5 லட்சம் விழுந்திருக்கு 🙏🙏

ராஜாமணி: கோட்டை மாரியம்மா கண் திறந்துட்டா சாமி

மல்லிகா: 3 பவுனா? என் வளையல் அடகில் கிடக்கிறது. எனக்கே இப்போதுதான் தெரியும்.

சுப்பிரமணி: அடேங்கப்பா

கார்த்தி: செந்தில் அண்ணா, சந்தோஷம். ஆனால் யாருக்கும் வாக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள். 5 லட்சம் முழுசாகக் கைக்கு வராது. லாட்டரிப் பணத்தில் 30 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். 5 லட்சத்துக்கு 1,50,000 அங்கேயே போகும். வரி மேல் 4 சதவீத செஸ் (கூடுதல் வரி), 6,000 ரூபாய், வருமான வரி ரிட்டர்ன் போடும்போது நாம் கட்ட வேண்டும். ஏஜெண்ட் கமிஷன் வேறு கழியும். சுமார் 3 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுப்பிரமணி: 12 லட்சம் வரைக்கும் வரியே இல்லைன்னு பட்ஜெட்டில் சொன்னாங்களே

கார்த்தி: அது சம்பளம், தொழில் வருமானத்துக்கு அப்பா. லாட்டரி, சீட்டாட்டம், குதிரைப் பந்தயம் எல்லாம் தனிப் பிரிவு. வேறு வருமானமே இல்லாதவருக்கும் முதல் ரூபாயிலிருந்து 30 சதவீதம். ரீஃபண்டும் வராது.

செந்தில்: சரி, நான் இத்தனை வருஷம் டிக்கெட்டுக்குப் போட்ட காசு? அதைக் கழிக்கலாமா?

மல்லிகா: கேளுங்க கேளுங்க. ரம்மியில் விட்டதையும் சேர்த்துக் கேளுங்க.

தீபா: அண்ணி 🤭

கார்த்தி: இரண்டும் கழியாது அண்ணா. விழுந்த டிக்கெட்டின் விலையைக்கூடக் கழிக்க விடமாட்டார்கள். ரம்மி நஷ்டத்தை இதில் நேர் செய்ய முடியாது, அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாது. கொலுசுப் பட்டறை நஷ்டத்தையும் இதில் காட்ட முடியாது. ஜெயித்தால் வரி, தோற்றால் அது நம் தலையில். இதனால்தான் சொல்கிறேன், வருகிற பணத்தை மறுபடி ரம்மியில் விட்டுவிடாதீர்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது.

செந்தில்: விட்டாச்சுப்பா அதெல்லாம்

ராஜாமணி: வேனில் குப்பனூர் வழி போகலாம். 20 கொண்டை ஊசி வளைவில் எனக்கு வாந்தி வரும்

சுப்பிரமணி: அந்த வழியிலும் வளைவு இருக்கும்மா

தீபா: புளிப்பு மிட்டாய் வாங்கி வைக்கிறேன்

செந்தில்: வரி கட்டாமல் ரொக்கமாக வாங்கினால்? பாலக்காட்டுக் கடைக்காரர் 4 லட்சத்துக்கு டிக்கெட்டை எடுத்துக்கிறேன் என்கிறார்

கார்த்தி: வேண்டவே வேண்டாம் அண்ணா. கறுப்பை வெள்ளையாக்க அப்படி வாங்குகிற ஆட்கள் உண்டு. பின்னால் வில்லங்கம் உங்கள் வாசலுக்கு வரும். நேர் வழியில் வாங்கினால் பிடித்த வரி உங்கள் பான் கணக்கில் தெரியும். ரிட்டர்ன் நான் போடுகிறேன், காசு வேண்டாம். டிக்கெட் எங்கே?

மல்லிகா: சாமி படத்துக்குப் பின்னால். ஓரத்தில் குங்குமம் ஒட்டியிருக்கு.

கார்த்தி: ஐயோ அண்ணி, தண்ணீர் போட்டுத் துடைக்காதீர்கள்! நம்பர், பார்கோடு அழிந்தால் போச்சு. பிளாஸ்டிக் கவரில் போடுங்கள். குலுக்கல் நடந்து 30 நாளுக்குள் கொடுக்கணும். பான், ஆதார், பாஸ்புக் மூன்றும் வேண்டும்.

மல்லிகா: முதலில் வளையல். அப்புறம்தான் சீர்.

செந்தில்: பாதிப் பாதி வைத்துக்கலாம் மல்லி

தீபா: அண்ணா, ஒரு பவுனே போதும். அண்ணி வளையலை மீட்டுக் கொடு.

ராஜாமணி: ஊர் என்ன சொல்லும்? நாளைக்குப் பேசலாம்

செந்தில்: அம்மா, என் பான் கார்டு எங்கே?

ராஜாமணி: என் பீரோவில்

சுப்பிரமணி: அம்மாப்பேட்டை வீட்டுப் பத்திரமும் அதே பீரோவில்தானே இருக்கு?

ராஜாமணி: அதை நேரில் பேசலாங்க மாமா