இ.எஸ்.ஐ. வேலையிழப்பு நிவாரணம்: இரண்டு காப்பீட்டு எண், கேட்கிற ராஜினாமா கடிதம், வராத பணம்

நொய்யல்கரை (திருப்பூர்):

வணக்கம். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தேன். 2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியதும் எங்கள் கம்பெனிக்கு வந்துகொண்டிருந்த ஆர்டர் நின்றுபோனது. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வேலைக்குப் போனபோது, எங்கள் லைனில் பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்தி, "ஆர்டர் வந்தால் கூப்பிடுகிறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். இதுவரை கூப்பிடவில்லை.

வேலை போனவர்களுக்கு இ.எஸ்.ஐ.யில் 90 நாள் வரை நிவாரணம் உண்டு என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று பெயர். ஒரு மாதம் கழித்து இணையதளத்தில் விண்ணப்பித்தேன். வெகுநாள் "நிலுவையில்" என்றே காட்டிவிட்டு, இப்போது "பங்களிப்பு நிபந்தனை பூர்த்தியாகவில்லை" என்று நிராகரித்திருக்கிறார்கள்.

என் பங்களிப்பு விவரத்தைத் திறந்து பார்த்தால் 2025 ஜனவரியிலிருந்துதான் கணக்கே இருக்கிறது. அதற்கு முன்பு நான்கு வருடம் வேறு கம்பெனியில் இருந்தேன். அங்கேயும் வாராவாரம் சனிக்கிழமைச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தார்கள். பழைய அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதில் இருக்கும் எண் வேறு, இப்போதைய எண் வேறு. பழைய அட்டையில் அப்பாவின் இனிஷியல். திருமணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவரின் இனிஷியலை மாற்றியிருந்தேன். வங்கிப் பாஸ்புக்கில் இன்னும் அப்பாவின் இனிஷியல்தான்.

கிளை அலுவலகத்தில் கேட்டால், "கம்பெனி உங்களை இன்னும் கணக்கிலிருந்து எடுக்கவில்லை, அங்கே போய்ச் சரி செய்யுங்கள்" என்கிறார்கள். கம்பெனியில் கேட்டால், "ராஜினாமா கடிதம் எழுதிக் கொடு, உடனே எடுத்துவிடுகிறோம்" என்கிறார்கள். நானாக வேலையை விடவில்லையே, அப்படி எழுதிக் கொடுக்கலாமா? வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் வேலை. அங்கேயும் வாரத்தில் சில நாள்தான் ஓடுகிறது. எங்களோடு இருக்கும் என் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரையும் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில்தான் வாங்குகிறோம், அதுவும் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பவர்டேபிள்:

சகோதரி, எங்கள் யூனிட்டிலும் இதே கதைதான். எனக்குப் பெயர்ப் பிரச்சினை இல்லாததால் பணம் வந்தது. ஆனால் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. சம்பளத்தில் பாதி என்று நினைத்திருந்தேன், மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. ஏன் என்று இன்னும் புரியவில்லை. ராஜினாமா மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

பழைய கோப்பு (ஓய்வு, கோவை):

அம்மணி, நான் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகங்களில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் விண்ணப்பம் ஏன் விழுந்தது என்பது நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது.

முதலில் ஒன்று. இந்தப் பணம் யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பதல்ல. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதமும், உங்கள் பெயரில் கம்பெனி கட்டிய 3.25 சதவீதமும் சேர்ந்த காப்பீடு. கவுண்டரில் நிற்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். கைகட்டி நின்று கேட்ட எத்தனையோ பேர், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமலேயே திரும்பிப் போனதைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன்.

இப்போது கணக்குக்கு வருவோம். இ.எஸ்.ஐ.யில் ஆண்டை இரண்டு பங்களிப்புக் காலமாகப் பிரிப்பார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. வேலை போவதற்குச் சற்று முந்தைய காலத்தில் குறைந்தது 78 நாள் பங்களிப்பு இருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் வேண்டும். மொத்தத்தில் இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும்.

உங்களுக்கு அக்டோபரில் வேலை போயிற்று. ஆகவே 2025 ஏப்ரல்-செப்டம்பர்தான் முந்தைய காலம். அதில் உங்களுக்கு 78 நாள் தாராளமாக இருக்கும். அடுத்ததில்தான் இடிக்கிறது. புதிய எண்ணில் ஜனவரியில்தான் கணக்கு தொடங்குகிறது. நீங்கள் பொங்கலுக்குப் பிறகு சேர்ந்திருந்தால் மார்ச் முடிய 78 நாள் தேறாது. அதற்கு முன்பு அந்த எண்ணில் ஒன்றுமே இல்லை. உங்கள் நான்கு வருட உழைப்பு பழைய எண்ணில் இருக்கிறது. நீங்கள் தகுதி இல்லாதவர் அல்ல, உங்கள் தகுதி இரண்டு எண்களில் பிரிந்து கிடக்கிறது. புதிய கம்பெனி உங்களிடம் பழைய எண்ணைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். புதிதாகப் பதிந்தால் வேலை சீக்கிரம் முடிகிறது என்று பல இடங்களில் இப்படிச் செய்கிறார்கள். பாதிக்கப்படுவது தொழிலாளிதான்.

ஆகவே கிளை மேலாளருக்கு, இரு எண்களையும் இணைக்கக் கோரி ஒரு மனு எழுதுங்கள். இரு அட்டைகளின் நகல், ஆதார் நகல், இரண்டு கம்பெனியிலும் வேலை பார்த்ததற்கு ஏதாவது ஆதாரம் (சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, பி.எஃப். பாஸ்புக், எது இருந்தாலும் சரி) சேர்த்துக் கொடுங்கள். மனுவின் நகலில் பெறப்பட்டது என்று முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாயால் சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறாது.

இனிஷியல் விஷயம். அப்பாவின் எழுத்து, கணவரின் எழுத்து என்று மாறுவது நம் ஊரில் சாதாரணம். கணினிக்கு அது இரண்டு வேறு ஆட்கள். ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இ.எஸ்.ஐ.யிலும் வங்கியிலும் மாற்றிக்கொள்ளுங்கள். வங்கிக்குத் திருமணச் சான்றிதழைக் கொண்டு போங்கள். உங்கள் வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்ததாக இருந்தால் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணும் மாறியிருக்கும். பழைய பாஸ்புக்கைப் பார்த்து அந்த எண்ணை எழுதாதீர்கள்.

பவர்டேபிள் தம்பிக்கு: 50 சதவீதம் என்பது கடைசி மாதச் சம்பளத்தில் பாதி அல்ல. முந்தைய நான்கு பங்களிப்புக் காலத்தில் பதிவான மொத்தச் சம்பளத்தை 730ஆல் வகுத்து, வருகிற தினசரி சராசரியில் பாதி. இடையில் வேலை இல்லாத மாதமும், கம்பெனி குறைத்துக் காட்டிய சம்பளமும் அந்தச் சராசரியைக் கீழே இழுத்துவிடும்.

அம்மணி, உங்களுக்கும் இதனால்தான் எண்களை இணைப்பது முக்கியம். மாதம் 12,000 என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஆண்டுக்கு 2,88,000. 730ஆல் வகுத்தால் நாளுக்கு 394 ரூபாய் சொச்சம், பாதி 197. தொண்ணூறு நாளுக்கு 17,700 ரூபாய்க்கு மேல். புதிய எண்ணின் எட்டரை மாதத்தை மட்டும் எடுத்தால், தகுதி கிடைத்தாலும், 6,300 ரூபாயைத் தாண்டாது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை கிடைக்கிற நிவாரணம் இது. குறைந்த தொகைக்குச் சரி என்று சொல்லிவிட்டு வராதீர்கள்.

சம்பளப் பட்டியல் (ஈரோடு):

அக்கா, நான் ஒரு மில்லில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். "கம்பெனி கணக்கிலிருந்து எடுக்கவில்லை" என்பதை மட்டும் விளக்குகிறேன், ஏனென்றால் இதைப் பற்றித் தொழிலாளிக்கு யாரும் சொல்வதே இல்லை.

ஒவ்வொரு மாதப் பங்களிப்பையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அதற்கு நாங்கள் ஏற்றும் பட்டியலில் ஆளுக்கு ஒரு வரி: காப்பீட்டு எண், பெயர், வேலை நாள், சம்பளம், பிறகு காரணக் குறியீடு, கடைசி வேலை நாள். வேலை நாள் பூஜ்யமாக இருந்தால் காரணம் போட்டே ஆக வேண்டும். 1 என்றால் விடுப்பில் இருக்கிறார், 2 என்றால் வேலையை விட்டுவிட்டார், 10 என்றால் ஆட்குறைப்பு, 11 என்றால் வேலை இல்லை. உங்கள் பெயருக்கு எதிரே 1 போட்டு ஏற்றியிருந்தால், நீங்கள் இன்னும் அந்தக் கம்பெனியில் விடுப்பில் இருப்பதாகத்தான் கிளை அலுவலகத்துக்குத் தெரியும். 2 அல்லது 10 போட்டுக் கடைசி வேலை நாளையும் நிரப்பினால்தான் வேலை முடிந்த தேதி பதிவாகும்.

இதற்கு ராஜினாமா கடிதம் எதற்கு? அடுத்த பட்டியலில் ஓர் எண்ணை மாற்றுகிற வேலை. கடிதம் கேட்பதற்குக் காரணம் வேறு, அதைத் தொழிற்சங்கத்தார் சொன்னால் நன்றாக இருக்கும்.

வாசல் கூட்டம்:

சொல்கிறேன். இருபது வருடமாகச் சங்கத்தில் இருக்கிறேன். ஓராண்டில் 240 நாள் வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தர வேண்டும். அதோடு பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. தொழிலாளியே "சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. உங்களுக்கு 240 நாள் வருகிறதா என்பதைச் சம்பளத்தோடு கூடிய விடுமுறைகளையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். சம்பளச் சீட்டுகளோடு பக்கத்துச் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். எந்தச் சங்கமானாலும் பரவாயில்லை.

நிவாரணத்துக்கும் அந்தக் கடிதம் கெடுதல். ஒழுங்கு நடவடிக்கையால் வெளியேற்றப்பட்டவர், வயது முடிந்து ஓய்வு பெற்றவர், விருப்ப ஓய்வு பெற்றவர் ஆகியோருக்கு இந்தத் திட்டம் இல்லை. நீங்களாக விலகியதாக ஒரு காகிதம் இருந்தால், அதைக் காட்டிக் கேள்வி கேட்க இடம் கொடுத்ததாகிவிடும். வெற்றுத் தாளில் கையெழுத்தும் கூடாது. ஏற்கெனவே போட்டிருந்தால், எந்தச் சூழலில் வாங்கினார்கள் என்று இன்றே கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் எழுதிவிடுங்கள்.

நொய்யல்கரை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை. கணக்குப் புரிந்தபோதுதான் எவ்வளவு பணம் போயிருக்கும் என்று தெரிந்தது. ஐயா, எண்களை இணைத்த பிறகு நிராகரித்த விண்ணப்பமே தொடருமா, புதிதாகப் போட வேண்டுமா? அம்மாவின் மாத்திரை பற்றியும் சொல்லுங்கள்.

பழைய கோப்பு (ஓய்வு, கோவை):

நிராகரித்ததை அப்படியே விட்டுவிட்டு, எண்கள் இணைந்து பங்களிப்பு விவரத்தில் எல்லா மாதமும் தெரிந்த பிறகு புதிதாக விண்ணப்பியுங்கள். வேலை போன நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. ஆனால் இது காலக்கெடு வைத்து அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம், ஆகவே தள்ளிப் போடாதீர்கள். முன்பு முத்திரைத் தாளில் பிரமாணப் பத்திரம் கேட்டார்கள், 2020இல் அதை எடுத்துவிட்டார்கள். யாராவது கேட்டால் அதற்குச் செலவு செய்ய வேண்டாம். ஆவணங்களைத் தெளிவாக ஸ்கேன் செய்து ஏற்றினால் போதும். அதற்குள் வேறு வேலை கிடைத்தால் மறைக்காதீர்கள், வேலை இல்லாமல் இருந்த நாட்களுக்கு நிவாரணம் உண்டு.

மனு கொடுத்தும் அசையவில்லை என்றால் 1800-11-2526 என்ற கட்டணமில்லா எண்ணில் பதியுங்கள். மாதந்தோறும் "சுவிதா சமாகம்" என்ற குறைதீர் கூட்டம் நடக்கும், அதற்கு முத்திரை போட்ட நகலோடு போங்கள். மத்திய அரசின் பொதுமக்கள் குறைதீர் இணையதளத்திலும் போடலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் "என் மனு எந்த அலுவலரிடம், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது" என்று ஒரே கேள்வி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தக் கேள்வி வந்த அன்றே கோப்பு மேஜைக்கு வருவதை நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் மருந்துக்கு உடனே தடை வராது. ஏப்ரல்-செப்டம்பரில் கட்டிய பங்களிப்புக்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. வேலை போனதாலேயே அட்டை செத்துவிடாது. அம்மாவின் பெயர் இப்போதைய எண்ணில் குடும்பப் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய எண்ணில் சேர்த்து, புதியதில் விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம்.

சம்பளப் பட்டியல் (ஈரோடு):

அக்கா, கம்பெனிக்குக் கொடுக்கக் கடிதம் இது. பெயரையும் எண்ணையும் நிரப்பிக்கொள்ளுங்கள்:

"ஐயா, தங்கள் நிறுவனத்தில் செக்கிங் பிரிவில் பணிபுரிந்து வந்தேன். ஆயுத பூஜை விடுமுறைக்குப் பின் பணிக்கு வந்தபோது ஆர்டர் இல்லாத காரணத்தால் எனக்குப் பணி மறுக்கப்பட்டது. நான் பணியிலிருந்து விலகவில்லை. நான் கடைசியாகப் பணிபுரிந்த நாளையும், பணி இல்லாததற்கான உண்மையான காரணத்தையும் இ.எஸ்.ஐ. மாதப் பட்டியலில் பதிவு செய்து, அதன் நகலை எனக்குத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதில் ஒரு பிரதியைக் கிளை அலுவலக மனுவோடும் இணையுங்கள். பழைய கம்பெனியில் உங்களுக்குத் தெரிந்த கணக்கர் இருந்தால், 2023 அக்டோபர் முதல் நீங்கள் விலகிய மாதம் வரையிலான பங்களிப்புப் பட்டியலில் உங்கள் வரி இருக்கும் பக்கங்களைக் கேட்டு வாங்குங்கள். எண் இணைப்புக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.