யூரியா போட்ட எள்ளில் எண்ணெய் குறைந்தது, உங்களுக்கும் நடந்ததா?

சாயல்குடிப் பக்கம் கடலோர மணல்காடு எங்களுடையது, ஒரு ஏக்கர் மானாவாரி எள். முதல் வருஷம் எருவுக்கு ஆட்டுக்கிடை போட்டதோடு சரி, 150 கிலோ கண்டது. மறுவருஷம் 45 கிலோ மூடை யூரியா முழுசையும் போட்டேன், செடி கரும்பச்சையாக நின்று 190 கிலோ கொடுத்தது. ஆனால் செக்கில் பத்துக் கிலோவுக்கு நாலு லிட்டர் விழுந்த இடத்தில் மூன்றே முக்கால்தான். செக்குக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டையே போட்டேன். வேறு செக்கில் ஆட்டியும் அதே அளவு.

அண்ணே, செக்குக்காரர் மேல் தப்பில்லை. நான் தேவிபட்டினம், இப்போது மேற்கு ஆஸ்திரேலியாவில் தானியக் கொள்முதல் கிடங்கில் வேலை. இங்கே கடுகு இனமான கனோலா லாரி வந்ததும் மாதிரி எடுத்து எண்ணெய் பார்ப்போம். 42 சதவீதம்தான் அடிப்படை, அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் விலையில் 1.5 சதவீதம் கூடும், இறங்கினால் அதே அளவு பிடித்தம். யூரியா கொடுக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் விதை புரதத்தை அதிகம் கட்டும். இலை செய்து அனுப்பும் சர்க்கரைதான் புரதத்துக்கும் எண்ணெய்க்கும் மூலம், ஒன்று இழுத்துக்கொண்டால் மற்றது குறையும். காய் முற்றும்போது வெயிலும் வறட்சியும் சேர்ந்தாலும் எண்ணெய் இறங்கும். ஆனால் மொத்தத்தைப் பெருக்கிப் பாருங்கள்: 150 கிலோவுக்கு 60 லிட்டர், 190 கிலோவுக்கு 71.

தம்பி, சரிதான், இப்போதுதான் கணக்குப் போட்டேன். செக்குக்காரரிடம் போய் மன்னிப்பும் கேட்டு வந்தேன், மனசு உறுத்தியது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், போன வருஷம் ஆசைப்பட்டு இரண்டு மூடை போட்டேன். பூ பிந்தியது, செடி வெறும் தழையாக வளர்ந்து வாடைக்காற்றில் சாய்ந்தது, 190ஐத் தாண்டவில்லை, பத்துக் கிலோவுக்கு மூன்றரை லிட்டர்தான்.

அண்ணே, நான் திருப்பாலைக்குடி. இரண்டு மூடை ரொம்ப அதிகம். மானாவாரி எள்ளுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது எக்டேருக்கு 23 கிலோ தழைச்சத்து. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அப்படியென்றால் ஏக்கருக்கு 20 கிலோ யூரியா போதும், அரை மூடைகூட வேண்டாம். நம் மணலில் ஒரே தடவையாகப் போட்டால் அடுத்த மழையில் வேருக்குக் கீழே போய்விடும், அதனால் நாங்கள் விதைக்கும்போது பாதி, களை எடுத்த பிறகு ஈரம் பார்த்து மீதி என்று பிரித்துத்தான் போடுகிறோம். எண்ணெய் வித்துக்குக் கந்தகமும் வேண்டும், அடியுரத்தோடு ஜிப்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.