கனடாவில் முதல் வரி ஆண்டு: பாதி வருடத்துக்கு என்ன கிடைக்கும்? எங்கள் அனுபவங்கள்

மிசிசாகா, இரண்டு பிள்ளைகளின் அம்மா

பி.ஆர். (நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை) வாங்கிக்கொண்டு 2025 செப்டம்பரில் குடும்பமாக வந்தோம். கணவருக்கு நவம்பரில்தான் வேலை கிடைத்தது. எனக்கு வருமானமே இல்லை. கையிருப்பு வாடகைக்கும் குளிர்கால உடுப்புக்கும் கரைந்துகொண்டிருந்தது. எங்களுக்கு விசா வேலை பார்த்த ஏஜெண்ட், "அடுத்த ஏப்ரலில் டாக்ஸ் ஃபைல் பண்ணுங்க மேடம், அதுக்கப்புறம் எல்லாம் தானா வரும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

தானாக எதுவும் வராது. இதைத்தான் புதிதாக வரும் எல்லாருக்கும் சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கப் போன இடத்தில், புதுக் குடும்பங்களுக்கு உதவும் ஓர் அம்மா இருந்தார். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "சைல்ட் பெனிஃபிட்டுக்கு எழுதிப் போட்டாச்சா?" என்பதுதான். பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு அரசு தரும் உதவித்தொகை அது. பி.ஆர். உள்ளவர்கள் வந்து குடியேறியதுமே விண்ணப்பிக்கலாம். அதற்கு ஆர்.சி.66 படிவம், கூடவே ஆர்.சி.66 எஸ்.சி.எச். என்ற இணைப்பு. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகலையும் சேர்த்து அனுப்ப வேண்டும். இதே விண்ணப்பத்தை வைத்து, குறைந்த வருமானக்காரர்களுக்கு விற்பனை வரிக்கு ஈடாக அரசு தரும் ஜி.எஸ்.டி. கிரெடிட்டும் கணக்கிடுவார்கள்.

அந்த இணைப்பில் நாம் கனடா வருவதற்கு முந்தைய வருமானத்தைக் கேட்கிறார்கள்: வந்த வருடத்தில் ஜனவரி முதல் வந்த நாள் வரை எவ்வளவு, அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் எவ்வளவு என்று. கணவருடையதும் தனியாக வேண்டும். இதைப் பார்த்துப் பலர் பயந்து படிவத்தையே மூடிவைத்துவிடுகிறார்கள். அந்த வருமானத்துக்கு இங்கே வரி கிடையாது. உதவித்தொகை எவ்வளவு என்று கணக்கிட மட்டும்தான் அது. உண்மையில் அது நமக்குச் சாதகமானது. 2024-இல் ஒரு கனடா டாலர் சுமார் 61 ரூபாய். ஊரில் இருவர் சம்பளமும் சேர்ந்து வருடம் 20 லட்சம் என்றாலும் இங்கே சுமார் 33,000 டாலர்தான். 2025 ஜூலையில் தொடங்கிய ஆண்டுக்குக் குடும்ப வருமானம் 37,487 டாலருக்குள் இருந்தால் முழுத்தொகை: ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஆண்டுக்கு 7,997 டாலர், 6 முதல் 17 வயது வரை 6,748 டாலர். மாதாமாதம் பிரித்துத் தருகிறார்கள். எங்கள் வாடகையில் பெரும்பங்கை முதல் குளிர்காலத்தில் அதுதான் தாங்கியது.

விண்ணப்பம் பெரும்பாலும் அம்மாவின் பெயரில்தான் போட வேண்டும். வருமானம் இல்லாத கட்டத்தைக் காலியாக விடாமல் பூஜ்யம் என்று எழுதுங்கள். தாமதமாகப் போட்டாலும் பழைய மாதங்களுக்குச் சேர்த்துத் தருவார்கள்தான். ஆனால் 11 மாதங்களுக்கு மேல் தாமதமானால் கூடுதல் சான்றுகள் கேட்பார்கள். அதோடு, பணம் தேவைப்படுவதே முதல் சில மாதங்களில்தானே!

—

லண்டன் (ஒன்டாரியோ), மாணவர்

அக்கா சொன்னதோடு மாணவர்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டடி பெர்மிட்டில் இருப்பவர்களுக்குச் சைல்ட் பெனிஃபிட் உடனே கிடைக்காது. இங்கே 18 மாதங்கள் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும், 19-ஆவது மாதத்திலும் பெர்மிட் செல்லுபடியாக வேண்டும். ஆனால் ஜி.எஸ்.டி. கிரெடிட்டுக்கு பி.ஆர். தேவையில்லை. வரிக் கணக்கில் கனடாவாசியாகவும் 19 வயது நிரம்பியவராகவும் இருந்தால் போதும். பிள்ளை இல்லாதவர்களுக்கு ஆர்.சி.151 படிவம். 2025 ஜூலையில் தொடங்கிய ஆண்டுக்குத் தனி ஆளுக்கு அதிகபட்சம் 533 டாலர், நான்கு தவணையாக. எங்கள் வீட்டில் தங்கியிருந்த பையன்களில் பாதிப் பேருக்கு அது தங்களுக்கும் உண்டு என்றே தெரியாது.

அடுத்தது அடிப்படை விலக்கு, அதாவது எவ்வளவு வருமானம் வரை மத்திய வரி இல்லை என்பது. 2025-க்கு முழு வருடத் தொகை 16,129 டாலர். வந்த தேதியிலிருந்து நாள் கணக்குப் போட்டுக் குறைப்பார்கள். செப்டம்பர் 3-ஆம் தேதி வந்தவருக்கு 120 நாள், ஆக சுமார் 5,303 டாலர்தான். நான் பகுதிநேர வேலையில் டிசம்பருக்குள் ஏறக்குறைய 7,000 சம்பாதித்திருந்ததால், மிச்சத்துக்கு வரி என்றுதான் நண்பர்கள் எல்லாரும் சொன்னார்கள். வரிப் படிவங்களை இலவசமாக நிரப்பித் தரும் தன்னார்வலர் முகாமில் இருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, இங்க வர்றதுக்கு முன்னாடி ஊர்ல ஏதாவது சம்பாதிச்சியா?" இல்லை என்றேன். அப்படியென்றால் முழு 16,129-உம் உண்டு என்றார். 90 சதவீத விதி என்று ஒன்று இருக்கிறது: அந்த வருடத்தில் வருவதற்கு முந்தைய பகுதியின் வருமானத்தில் 90 சதவீதமாவது கனடாவிலிருந்து வந்திருந்தால் விலக்கைக் குறைக்க மாட்டார்கள். வருவதற்கு முன்பு கனடாவின் உள்ளேயும் வெளியேயும் வருமானமே இல்லாதவர்களும் அதில் வந்துவிடுகிறார்கள். நேராகப் படித்து முடித்து வந்த மாணவர்கள், வேலைக்குப் போகாமல் இருந்த இல்லத்தரசிகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சம்பளத்தில் பிடித்த வரி முழுவதும் எனக்குத் திரும்பி வந்தது.

கல்லூரிக் கட்டணத்துக்கான டி2202 சீட்டையும் முதல் வருடமே காட்டிவிடுங்கள். அதற்கான வரிச் சலுகையில் பயன்படுத்தாத பங்கு பிந்தைய வருடங்களுக்குப் போகும்.

—

கால்கரி, மென்பொருள் வேலை

நாள் கணக்கில் குறைவது விலக்குத் தொகைதான். வரி அடுக்குகள் (எந்த வருமானம் வரை எந்த விகித வரி என்ற எல்லைகள்) குறைவதில்லை. இதை யாரும் சொல்வதில்லை என்பதால் எழுதுகிறேன். நான் ஜூலையில் சேர்ந்தேன், ஆண்டுச் சம்பளம் 96,000. ஒவ்வொரு சம்பளத்திலும் பன்னிரண்டு மாதமும் வேலை பார்ப்பவன் என்று எண்ணித்தான் வரி பிடித்தார்கள். ஆனால் டிசம்பர் வரை என் வருமானம் 48,000. மத்திய அரசின் முதல் அடுக்கு 2025-இல் 57,375 வரை. ஆக மேல் அடுக்கு விகிதத்தில் பிடித்தது தேவைக்கு அதிகம், அது ரீஃபண்டாக வந்தது.

இன்னொன்று, ஆர்.ஆர்.எஸ்.பி. என்ற ஓய்வுக்கால சேமிப்புக் கணக்கு. ஒரு வங்கிக் கிளையில், வரி மிச்சமாகும் என்று சொல்லி முதல் வருடமே போடச் சொன்னார்கள். அதன் வரம்பு முந்தைய வருடம் கனடாவில் சம்பாதித்ததன் 18 சதவீதம். முந்தைய வருடம் நாம் இங்கே இல்லவே இல்லை! வரம்பை 2,000 டாலருக்கு மேல் தாண்டினால் மாதம் 1 சதவீதம் அபராதம். வளரும் பணத்துக்கு வரி இல்லாத சேமிப்புக் கணக்கான டி.எஃப்.எஸ்.ஏ. அப்படியில்லை. 18 வயது நிரம்பியிருந்தால், டிசம்பரில் வந்து இறங்கினாலும் அந்த வருடத்துக்கான 7,000 டாலரையும் முழுதாகப் போடலாம்.

விமானச் செலவு, சாமான் அனுப்பிய செலவையெல்லாம் கழிக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து வேலைக்காகக் குடிவருபவருக்கு அது இல்லை.

அப்புறம், நான் முதலில் டொரண்டோவில்தான் இருந்தேன், நவம்பரில் இங்கே மாறினேன். டிசம்பர் 31 அன்று எந்த மாகாணத்தில் வசிக்கிறோமோ அந்த மாகாண வரிதான் மொத்தத்துக்கும்.

—

மார்க்கம், யாழ்ப்பாணத்துக் குடும்பம்

எங்கட அப்பாவை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டோம். அவருக்கு ஊரில் காணி இருக்கு, அரச ஓய்வூதியமும் வருது. வந்த நாளுக்குப் பிறகு கிடைத்த ஓய்வூதியத்தை இங்கே காட்ட வேண்டும், அதுக்கு முந்தினதுக்கு இங்கே வரி இல்லை. காணிக்கு அவர் வந்து சேர்ந்த அன்றைய சந்தை விலைதான் வாங்கின விலையாக எடுக்கப்படும். பிறகு விற்றால், அந்த நாளுக்குப் பின் ஏறின இலாபம் மட்டும்தான் கணக்கு. அதனால் வந்த உடனேயே ஊரில் ஒரு மதிப்பீட்டாளரிடம் விலைக் கடிதம் எடுத்து வைத்தோம். பத்து வருசம் கழித்து அதைத் தேடினால் யார் தருவினம்? வெளிநாட்டுச் சொத்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் இருந்தால் கொடுக்கும் டி1135 படிவம் முதல் வருசத்துக்குத் தேவையில்லை. இரண்டாவது வருசம் மறக்கக்கூடாது.

—

வின்னிபெக்

மிசிசாகா சகோதரிக்கு: ஏப்ரல் 30-க்குள் நீங்களும் தனியாக ரிட்டர்ன் (வரிக் கணக்கு) போடுங்கள், வருமானம் பூஜ்யம் என்றாலும். எங்கள் வீட்டில், "மனைவிக்குச் சம்பளம் இல்லையே, தேவையில்லை" என்று கணக்கு எழுதியவர் சொன்னதால் என்னுடையதை மட்டும் போட்டோம். ஜூலையில் சைல்ட் பெனிஃபிட் நின்றுவிட்டது. ஒவ்வொரு ஜூலையும் புதிதாகக் கணக்கிடுகிறார்கள், அதற்கு இருவருடைய ரிட்டர்னும் வேண்டும். மனைவியுடையதைப் போட்டபின் நிலுவை முழுவதும் சேர்ந்து வந்தது. ஆனால் நடுவில் அந்த மாதங்களை ஓட்டப் பட்ட பாடு கொஞ்சமல்ல.