வாழைப்பூ அரிந்தால் மை மாதிரி கறுக்கிறது, ஏன்? சட்டைக் கறை போக வழி இருக்கிறதா?

சமையல்கற்பவன்:

ஞாயிற்றுக்கிழமை வடை போடலாம் என்று தைரியமாக ஒரு வாழைப்பூ வாங்கினேன். அம்மா கொடுத்த பழைய இரும்பு அரிவாள்மனை ஒன்று வீட்டில் இருக்கிறது. பாதிப் பூவை அதில் உட்கார்ந்து அரிந்தேன், முழங்கால் ஒத்துழைக்காததால் மீதியை மேடையில் நின்றபடி ஸ்டீல் கத்தியால் நறுக்கினேன். இங்கேதான் குழப்பம். அரிவாள்மனையில் அரிந்த பாதி ஊதா கலந்த கறுப்பாகிவிட்டது, அதைக் கழுவிய தண்ணீர் பேனா மை கொட்டியது போல இருந்தது. ஸ்டீல் கத்திப் பாதியோ பத்து நிமிடம் கழித்து வெறும் பழுப்பு, டீத்தூள் நிறம். ஒரே பூ, ஒரே சமையலறை, இரண்டு நிறம்!

பயந்துபோய் கறுத்த பாதியைக் குப்பையில் போட்டுவிட்டேன். விரல் நுனியெல்லாம் மூன்று நாளாகக் கறுப்பு, ஆபீசில் ஒருவர் எங்கே இடைத்தேர்தல் என்று கேட்டுவிட்டார். அம்மாவுக்கு போன் செய்தால் "மோரில் போட வேண்டியதுதானே" என்கிறார், ஏன் மோர் என்றால் "எங்கம்மா அப்படித்தான் செய்தார்" என்பதோடு பதில் முடிந்தது.

இன்னொன்று, வெள்ளைப் பருத்திச் சட்டையில் பூவின் பால் நாலைந்து சொட்டு தெறித்தது. அப்போது நிறமே இல்லை, தண்ணீர் போலத்தான் இருந்தது. சோப்பு போட்டு நன்றாகத் தேய்த்துக் காயப்போட்டேன். காலையில் பார்த்தால் பத்துப் பைசா அளவில் பழுப்பு வட்டங்கள். இந்தக் கறுப்பு என்ன, விஷமா, சட்டை பிழைக்குமா?

காவிரிக்கரை_அடுப்பு:

தம்பி, விஷம் எல்லாம் இல்லை, பாதிப் பூவை வீணாக்கிவிட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம். பூவைத் தொடுவதற்கு முன்னால் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் நீர் மோர், கொஞ்சம் உப்பு. கள்ளனையும் (ஒவ்வொரு சின்னப் பூவின் நடுவிலும் நீட்டிக்கொண்டிருக்கும் நரம்பு) அந்தக் கண்ணாடி போன்ற இதழையும் எடுத்துவிட்டு நறுக்க நறுக்க மோருக்குள் போய்விட வேண்டும், எல்லாவற்றையும் நறுக்கிவிட்டு அப்புறம் போடலாம் என்று தட்டில் குவித்து வைத்தால் முடிந்தது கதை. இரும்பில் அரிந்தால் எங்கள் வீட்டிலும் கறுக்கும், அதற்காக யாரும் கொட்டியதில்லை. வாழைக்காய், கத்தரிக்காய், நெல்லிக்காய் எல்லாமே அப்படித்தான். நாக்கில் துவர்க்கிற எதுவும் இரும்பில் கறுக்கும் என்று என் மாமியார் சொல்வார். காரணம் கேட்டால் எனக்கும் தெரியாது, யாராவது படித்தவர்கள் சொல்லட்டும்.

ஓய்வு_வாத்தியார்:

மாமியார் சொன்னது சரியான வேதியியல், அம்மா. பள்ளியில் முப்பது வருடம் சொல்லிக்கொடுத்தும் நான் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

கேட்டவர் தெரியாமலே நல்ல சோதனை ஒன்றைச் செய்திருக்கிறார். அவர் பார்த்தது இரண்டு வேறு கறுப்பு. முதல் பொருள் இரண்டுக்கும் பொது: பூவில் இருக்கும் ஃபீனாலிக் சேர்மங்கள், அதில் பெரிய மூலக்கூறுகளைத்தான் டானின் என்கிறோம். ஆறு கார்பன் சேர்ந்த ஒரு வளையம், அதில் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த கொக்கி ஒன்றோ பலவோ தொங்கும், அவ்வளவுதான் ஃபீனால் என்றால். இப்படி இரண்டு கொக்கிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அது நண்டுக் கொடுக்கு மாதிரி, இரும்பு கிடைத்தால் கவ்விக்கொள்ளும். கவ்விய உடனே ஊதாக் கறுப்பு. உங்கள் அரிவாள்மனையில் நடந்தது இதுதான், இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை, இரும்பு பட்டால் போதும். ஸ்டீலில் குரோமியம் இருப்பதால் மேலே ஒரு மெல்லிய படலம் காவல் நிற்கிறது, அதனால் இரும்பு லேசில் வெளியே வருவதில்லை.

ஸ்டீல் பாதியில் வந்த பழுப்பு வேறு. திசுவுக்குள் ஃபீனால் ஓர் அறையிலும் அதை ஆக்ஸிஜனோடு சேர்த்துவைக்கும் நொதி இன்னோர் அறையிலுமாக இருக்கின்றன. கத்தி பட்டதும் சுவர் இடிந்து இரண்டும் கலக்கின்றன, காற்றும் சேர்கிறது, ஃபீனால் குயினோனாக மாறி, குயினோன்கள் ஒன்றோடொன்று பின்னிப் பழுப்பாகின்றன. வாழைப்பழத்தில் இந்த வேலைக்கு முக்கியமாக மாட்டுவது டோபமின், ஆமாம், மூளையில் பேசப்படுகிற அதே டோபமின்தான், அதுவும் இரண்டு கொக்கி உள்ள ஃபீனால். (அதனால் வாழைப்பழம் தின்றால் மகிழ்ச்சி பொங்கும் என்று ஃபார்வர்டு செய்ய வேண்டாம், சாப்பிட்ட டோபமின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது.)

இப்போது மோர் ஏன் என்று புரியும். புளிப்பில் அந்த நொதி மந்தமாகிவிடுகிறது. மூழ்கிக் கிடப்பதால் காற்று குறைவு. மோரில் இருக்கும் பால் புரதம் டானினைப் பிடித்துக்கொள்கிறது, துவர்ப்பும் அதனால்தான் குறைகிறது. துவர்ப்பு என்பதே வாயில் நடக்கும் இதே வேலைதான்: டானின் நம் எச்சில் புரதத்தைப் பிடித்துத் திரளவைக்கிறது, வழவழப்பு போய் நாக்கு சொரசொரக்கிறது. அதனால் இன்றைய அறிவியல் அதைச் சுவை என்றே எண்ணுவதில்லை, தொடு உணர்வு என்கிறது. நாம் அறுசுவையில் சேர்த்துவிட்டோம், நான் நம் பக்கம்.

நம்பிக்கை இல்லை என்றால் இதைச் செய்து பாருங்கள். உள்ளே இருக்கும் சின்னப் பூக்களில் நாலை முழுசாகக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து ஸ்டீல் கத்தியால் நறுக்குங்கள். பழுப்பாகாது, நொதி வெந்து செத்துப்போயிருக்கும். அதே பூவைத் துருப்பிடித்த ஆணியால் கீறுங்கள், கறுக்கும், ஏனென்றால் டானின் சாகவில்லை. அந்தக் கறுப்பின் மேல் எலுமிச்சை பிழிந்தால் வெளுக்கும், எலுமிச்சையின் அமிலம் இரும்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது.

மாடிவீடு_3பி:

ஃபீனாலிக் என்றால் நாங்கள் பாத்ரூமில் ஊற்றுகிற ஃபினாயிலா? அதையா வடையில் தின்கிறோம்? சும்மா கேட்கவில்லை, ஃபீனால் தோலைப் பொசுக்கும் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

ஓய்வு_வாத்தியார்:

நல்ல கேள்வி. வெறும் ஃபீனால் நிஜமாகவே பொசுக்கும். 1834-ல் ரூங்கே என்ற ஜெர்மானியர் நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுத்தார், 1865-ல் கிளாஸ்கோவில் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் அதில் துணியை நனைத்துக் காயத்துக்குக் கட்டுப்போட்டுச் சீழ் பிடிக்காமல் காப்பாற்றினார். கறுப்பு ஃபினாயில் அந்த வழியில் வந்தது. இப்போது வீட்டில் ஊற்றும் வெள்ளை ஃபினாயில் பெரும்பாலும் பைன் எண்ணெய்.

ஆனால் வளையமும் கொக்கியும் இருப்பதாலேயே எல்லாம் ஒன்றாகிவிடாது. பல்வலிக்குக் கிராம்பு வைக்கிறீர்களே, அதிலிருக்கும் யூஜினால் ஒரு ஃபீனால். மிளகாயின் உறைப்பு இன்னொன்று. மஞ்சளின் நிறம் இன்னொன்று, அதில் சுண்ணாம்பு கலந்தால் கொக்கியிலிருக்கும் ஹைட்ரஜன் கழன்று சிவப்பாகும், ஆரத்தித் தட்டு அதுதான். குக்கரின் கறுப்புக் கைப்பிடியும் இந்தக் குடும்பம்: ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து 1907-ல் பேக்லண்ட் செய்த பேக்கலைட், ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது. முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய்கூட இதே குடும்பம்தான், பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிறவர்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொண்டு உட்காருவது அது தோலைக் கொப்பளிக்க வைக்கும் என்பதால். அதே எண்ணெயிலிருந்து வண்டியின் பிரேக் லைனிங்குக்குப் பிசின் செய்கிறார்கள். ஆக, குடும்பப் பெயரைக் கேட்டு ஆளை எடை போட முடியாது.

ஹெல்த்_இஸ்_வெல்த்:

நண்பர்களே, பாலிஃபீனால் என்றாலே ஆன்டி ஆக்ஸிடென்ட். இயற்கை கொடுத்தது. எவ்வளவு துவர்ப்போ அவ்வளவு நல்லது, பயமில்லாமல் சாப்பிடுங்கள்.

குன்னூர்_கொழுந்து:

மேலே சொன்ன நண்பருக்கு, பாக்கும் துவர்ப்புதான், இயற்கைதான், பாலிஃபீனால் நிறையவேதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானம்.

நான் எழுத வந்தது வேறு. டீ ஃபேக்டரியில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன். நீங்கள் மோர் ஊற்றித் தடுக்கிற அந்த இரண்டாவது கறுப்பை நாங்கள் காசு கொடுத்து வரவழைக்கிறோம்! கொழுந்தை வாடவைத்து, மெஷினில் கசக்கிக் கிழித்து (அறைச்சுவரை இடிப்பது என்று சார் சொன்னாரே, அதேதான்), பரப்பிவைத்தால் பச்சை மாறிச் செப்புக்காசு நிறம் வரும், கூடவே ஆப்பிள் போல ஒரு வாசனை எழும். அதை ஃபெர்மெண்டேஷன் என்றுதான் எல்லோரும் சொல்வோம், உண்மையில் அதில் கிருமிக்கு வேலையே இல்லை, நொதியும் காற்றும்தான். வாசனை பிடிபட்டதும் ட்ரையரில் தள்ளி நொதியைக் கொன்றுவிட வேண்டும், கொஞ்சம் தாமதித்தால் டீ சப்பென்று போய்விடும். கிரீன் டீ என்றால் முதலிலேயே சூடு காட்டிவிடுவோம், அதனால் பச்சை பச்சையாகவே நிற்கும். சார் சொன்ன கொதிநீர் வாழைப்பூவும் கிரீன் டீயும் ஒரே சமாசாரம்.

இரும்பு விஷயமும் டீயில் உண்டு. என் மனைவி மாசமாக இருந்தபோது இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா திட்டினார்: வயிற்றுக்குள் டானின் இரும்பைக் கவ்விக்கொண்டால் உடம்பில் ஒட்டாது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடி, மாத்திரையை எலுமிச்சை ஜூஸோடு போடு என்று. கீரை சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதும் அதே நஷ்டம்தான்.

சமையல்கற்பவன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இன்னொரு பூ வாங்கி வாத்தியார் சொன்னதைச் செய்தேன். வெந்த பூ ஸ்டீலில் அரை மணி ஆகியும் அப்படியே வெளிறி இருந்தது. ஆணி கீறிய கோடு மட்டும் கண் எதிரிலேயே கறுத்தது, எலுமிச்சை ஒரு சொட்டு விட்டதும் கறுப்பு ஓரத்திலிருந்து கரைந்து சாம்பலாகி மறைந்தது. என் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவள் தன் பெயரை ஆணியால் எழுதி அழித்து எழுதி ஒரு பூவைத் தீர்த்துவிட்டாள். விரலுக்கும் எலுமிச்சை மூடியைத் தேய்த்தேன், முக்கால்வாசி போய்விட்டது, நகக்கண் மட்டும் பாக்கி.

வடையும் நன்றாக வந்தது. சட்டைக்குத்தான் யாரும் வழி சொல்லவில்லை.

ஓய்வு_வாத்தியார்:

அதை வேண்டுமென்றேதான் தவிர்த்தேன். சோப்பு காரம் (உறைப்பு இல்லை, அமிலத்துக்கு எதிரானது). காரத்தில் ஃபீனால் இன்னும் வேகமாக ஆக்ஸிஜனேற்றம் ஆகும், நீங்கள் தேய்த்ததே கறையைச் சீக்கிரம் முதிரவைத்திருக்கும். தெறித்த உடனே எலுமிச்சையும் நிறையத் தண்ணீரும் என்றால் போயிருக்கும். இப்போது வெள்ளைப் பருத்தி என்பதால் பிளீச்சிங் தண்ணீரில் நனைத்துப் பார்க்கலாம், மங்கும். முழுசாகப் போகும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

கலம்காரி_பேரன்:

தாமதமாக வருகிறேன். என் தாத்தா சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரி எழுதியவர், அதாவது மூங்கில் பேனாவால் துணியில் சித்திரம் வரைகிறவர், கோயில் தொம்பை (உருளையாகத் தொங்கவிடும் சீலை), தேர்ச்சீலை எல்லாம். நீங்கள் பயந்து கொட்டிய அந்த முதல் கறுப்பில்தான் எங்கள் குடும்பம் சாப்பிட்டது.

முதலில் துணியைக் கடுக்காய்ப் பொடியும் பாலும் கலந்த தண்ணீரில் முக்கிக் காயப்போடுவார்கள், இளமஞ்சளாக இருக்கும், கடுக்காய் முழுக்க டானின். பாலில் இருக்கிற கொழுப்பால் மை பரவாது, கோடு கோடாகவே நிற்கும். இன்னொரு பக்கம் பானையில் துருப்பிடித்த ஆணி, லாடம், வெல்லம், தண்ணீர். மூடி வைத்து வாரக்கணக்கில் புளிக்கவிட்டால் இரும்பு கரைந்து இறங்கும், நாற்றம் சொல்லி மாளாது. கலம் என்கிற மூங்கில் பேனாவால் அதைத் தொட்டு எழுதும்போது வெறும் அழுக்குத் தண்ணீர்தான். கை நகர நகரப் பின்னால் கோடு கறுத்துக்கொண்டே வரும். சின்ன வயதில் அதைப் பார்க்கத்தான் தாத்தா பக்கத்தில் போய் உட்காருவேன். பழைய காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் (அது ஓர் இரும்பு உப்பு) சேர்த்து எழுத்து மை காய்ச்சியதும் இதே சூத்திரம்தான். ஒரே குறை, அந்த இரும்பு நாளாக நாளாக நூலை அரிக்கும். பழைய சீலைகளில் கறுப்புக் கோடு ஓடிய இடம் முதலில் இற்றுப்போயிருக்கும், சிவப்பு அப்படியே இருக்கும்.

உங்கள் சட்டைக்கு வருகிறேன். பிளீச் போட்டு மங்கலான வட்டத்தோடு போட்டுக்கொள்வதற்குப் பதிலாக, நாட்டு மருந்துக் கடையில் 100 கிராம் கடுக்காய்த்தூள் வாங்கி ஊறவைத்து சட்டை முழுவதையும் முக்கிக் காயவிடுங்கள். அப்புறம் ஆணித் தண்ணீரில் ஒரு முக்கு. நல்ல கரும்சாம்பல் நிறம் வரும், வாழைக்கறை இருந்த இடம் உங்களுக்கே தெரியாது. நிறம் ஏறியதும் பச்சைத் தண்ணீரில் பலமுறை அலசிவிடுங்கள், மிச்ச இரும்பு தங்கக் கூடாது.

சமையல்கற்பவன்:

ஆணியை வெல்லத் தண்ணீரில் போட்டு பால்கனியில் வைத்துவிட்டேன். மூன்றாம் நாளே பக்கத்து வீட்டிலிருந்து வந்து என்ன செத்துக் கிடக்கிறது என்று கேட்டுவிட்டார்கள். இன்னும் எத்தனை வாரம்?

கலம்காரி_பேரன்:

குறைந்தது இன்னும் இரண்டு. தட்டைப் போட்டு மூடி மேலே ஒரு கல் வையுங்கள், அவர்களுக்கு நாலு வடை கொடுத்தனுப்புங்கள்.