40,000 ரூபாய்க்குள் தம்பிக்கு லேப்டாப்: கடைக்காரர் சொல்வதை நம்பலாமா?

நெல்லை_அக்கா:
தம்பிக்கு பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் கிடைத்திருக்கிறது, ஹாஸ்டலில் தங்கப் போகிறான். அப்பா 40,000 வரை தருகிறேன் என்கிறார், அதற்கு மேல் கேட்க எனக்கு மனசு வரவில்லை. கடையில் ரைசன் 5 7520யு பிராசசர், 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள மாடலைக் காட்டி, "இன்டெல் ஐ3 எல்லாம் எதுக்கு, இது ரைசன் 5, ரேம் பத்தலைன்னா அப்புறம் ஏத்திக்கலாம்" என்கிறார்கள். வாங்கலாமா? தம்பி வேறு கேமிங் லேப்டாப்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான்.

கோடு_எழுதுபவன்:
அதை வாங்காதீர்கள் சகோ. 7520யு எல்பிடிடிஆர்5 என்ற வகை ரேமை மட்டும்தான் எடுக்கும், லேப்டாப்களில் அது மதர்போர்டிலேயே பற்றவைத்துதான் வரும். 8 வாங்கினால் கடைசி வரை 8தான், அதிலும் கிராஃபிக்ஸ் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

ரைசன் 5 என்ற பெயரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 7520-இல் அது 2, அதாவது 2019-இல் வந்த ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு, நாலே கோர் (வேலையைப் பிரித்துச் செய்யும் பகுதி). 7530யு என்றால் ஜென் 3, ஆறு கோர். கடையில் இரண்டையுமே "ரைசன் 5" என்றுதான் விற்பார்கள். ஐ3-1215யு-வும் ஆறு கோர்தான், அதை மட்டமாக நினைக்கத் தேவையில்லை.

முதல் வருஷம் சி, பைதான்தான், எதிலும் ஓடும். பின்னால் போன் ஆப் எழுத ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ வரும்போதுதான் திணறும், லேப்டாப்புக்குள்ளேயே போன் மாதிரி ஓடும் எமுலேட்டரோடு ஓட்ட 16 ஜிபி வேண்டும் என்று அவர்கள் தளத்திலேயே போட்டிருக்கிறார்கள். அதனால் 16 ஜிபியோடு வருவது, இல்லையென்றால் 8 ஜிபியும், பின்னால் ரேம் போடக் காலி ஸ்லாட் ஒன்றும் இருப்பது, இந்த இரண்டில் ஒன்றை வாங்குங்கள். ஸ்லாட் இருக்கிறதா என்று கடையில் கேட்பதோடு விடாமல், பெட்டியில் உள்ள முழு மாடல் எண்ணை கம்பெனி தளத்தில் போட்டுப் பாருங்கள், ஒரே பெயரில் பல வகை வரும்.

ரிச்சி_தெரு_வாசி:
பழசு வாங்கத் தயக்கம் இல்லை என்றால் லெனோவோவின் திங்க்பேட் டி480 பாருங்கள் அக்கா. ஆபீஸ்களில் ஓடி வந்தவை, சென்னை ரிச்சி தெருவில் நிறையக் கிடைக்கும், இரண்டு ரேம் ஸ்லாட், கீபோர்டு அருமையாக இருக்கும். ஆனால் இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே எது கொடுத்தாலும் வேண்டாம், விண்டோஸ் 11 முறையாக ஏறாது, விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. காசு கொடுக்கும் முன் விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண் இருக்கும், இரண்டாவது முதலாவதில் பாதிக்கு வந்துவிட்டால் புது பேட்டரிக்கான காசைக் குறைத்துக் கேளுங்கள்.

நெல்லை_அக்கா:
ரொம்ப நன்றி. பழசு என்றால் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார், புதுசிலேயே ஸ்லாட் உள்ளதாகப் பார்க்கிறேன். கேமிங் விஷயத்தில் தம்பிக்கு என்ன சொல்வது?

கோடு_எழுதுபவன்:
இந்தக் காசுக்குப் புதிதாக நல்ல கேமிங் லேப்டாப் வராது என்று நேராகவே சொல்லிவிடுங்கள். வந்தாலும் கனம், செங்கல் மாதிரி சார்ஜர், கிளாஸில் பிளக் பாயின்ட் தேடி அலைய வேண்டும்.

மதுரை_சர்வீஸ்:
ஹாஸ்டல் பையன் என்பதால் ஒன்று. ஆள் நேரில் வந்து சரிசெய்யும் ஆன்சைட் வாரண்டியா, நாமே எடுத்துக்கொண்டு போக வேண்டியதா என்று கேளுங்கள், இரண்டாவது என்றால் காலேஜ் இருக்கும் ஊரில் அந்த கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பில் போட்ட அன்றே சீரியல் எண்ணை கம்பெனி தளத்தில் அடித்து வாரண்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள். முன்தேதி காட்டினால் பில்லை வைத்துத் திருத்தலாம், ஒரு வருஷம் கழித்துப் போய் நின்றால் அலைச்சல்தான்.